எட்டாம் நம்பர்த் தகரம்

தகரக் கூரையில் நடக்கத் தெரிந்தவர்கள் ஆணி வரிசை பார்த்துத்தான் கால் வைப்பார்கள். ஆணிக்குக் கீழே சட்டம் இருக்கும். மற்ற இடத்தில் மிதித்தால் தகரம் குழியும், குழிந்த இடத்தில் தண்ணீர் நிற்கும், நின்ற இடத்தில் துரு ஏறும். எங்கள் லயத்தில் இது எல்லோருக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய, ராமுத்தாய் அக்கா ஒருத்திதான் அப்படி நடப்பாள். நாங்கள் ஒழுகுகிற ஒரு இடத்தை அடைக்க ஏறி, ஒழுகாத இரண்டு இடத்தை ஒழுக வைத்துவிட்டு இறங்கி வருவோம்.

கேரளத்தில் பீர்மேட்டுக்குப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட் அது. தொழிலாளர்கள் குடியிருக்கிற வரிசை வீடுதான் லயம், ஒன்றுக்குப் பன்னிரண்டு அறை. அக்கா எட்டாம் நம்பர், நான் பதினொன்று. சித்திரை பிறந்த முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு ஏணியில் ஏறிவிடுவாள். முதலில் கூரை ஓரத்துத் தண்ணீர்ப் பீலியில் அடைத்துக் கிடக்கும் சவுக்கு இலையைக் கையால் வாரிப் போடுவாள். பிறகு தேங்காய் மட்டையும் கம்பி பிரஷும் வைத்துப் பாசியைத் தேய்ப்பாள். நெளியோடு நெளியாகப் பார்த்து வந்து, தளர்ந்த போல்ட்டை முறுக்கி, வாஷர் நைந்திருந்தால் பழைய செருப்பில் வட்டம் வெட்டிப் போடுவாள். ஊசி முனை ஓட்டை தெரிந்தால் போதும், சாக்குத் துணியைக் கிழித்து, கொதிக்கிற தாரில் முக்கி ஒட்டுவாள். தார், ரோட்டு வேலைக்காரர்களிடம் கெஞ்சி வாங்கி வருஷம் முழுக்கச் சேர்த்து வைத்தது. கீழே டின்னில் அது கொதிக்க, அவள் புருஷன் சுடலை மச்சான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அக்கா தகரத்துக்குத் தலை சீவிப் பூ வைக்கிறாள் என்று பெண்கள் கேலி பண்ணுவார்கள். அவள் மேலேயிருந்து, உங்கள் வீட்டுத் தகரத்துக்கு ஈரும் பேனும் விழுந்து கிடக்கிறது, முதலில் அதைப் பாருங்கள் என்பாள்.

எழுபத்து நாலாம் வருஷச் சித்திரையில் ஏணியைப் பிடிக்க மச்சான் வரவில்லை. ஃபாக்டரியில் சலிப்பறையில் இருபத்திரண்டு வருஷம் நின்றவர். தேயிலைத் தூசி நெஞ்சில் போய்க் குந்திக்கொண்டது. கயிற்றுக் கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குவார், உட்கார்ந்தபடியே கஞ்சி குடிப்பார். படுத்தால் மூச்சு நின்றுபோகும் என்று பயம். அவர் தலைக்கு நேர் மேலே இருந்த இரண்டு தகரம் மட்டும் அக்காவின் கைக்கும் அடங்காமல் துருவேறி, இலை மாதிரி மெலிந்துவிட்டிருந்தன. அந்த இரண்டையும் மாற்றித் தரச்சொல்லி மூன்று வருஷமாக ஆபீசுக்கு மனு கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அதற்கு முந்தின மாசம் பங்குனியில்தான் அக்காவுக்கு ஓய்வு கொடுத்தார்கள். முப்பத்து நாலு வருஷம் கொழுந்து எடுத்தவள். ஓய்வு பெற்றால் வீட்டை விட வேண்டும் என்பது எஸ்டேட் சட்டம். ஆனால் பிள்ளைகளில் ஒருவர் பேர் நிரந்தரப் பட்டியலில் ஏறிவிட்டால் தாய் இருந்த வீடு பிள்ளைக்கு என்பது நடைமுறை. மகள் சாந்தம்மாள் மூன்று வருஷமாக டெம்பரவரியாகக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். இருபத்துமூன்று வயது, அம்மாவைப் போலவே வேகமான கை. பேரை ஆவணியில் பதியலாம் என்று ஆபீசில் சொல்லியிருந்தார்கள். ஆக, பங்குனியிலிருந்து ஆவணி வரை எட்டாம் நம்பரில் காலை ஊன்றிக்கொண்டு இருந்துவிட வேண்டும். இருந்துவிட்டால் வீடு மகளுக்கு. மச்சானுக்குக் கட்டில் போட ஒரு இடம். அக்குடும்பத்துக்கு அதைத் தவிர உலகத்தில் வேறு இடம் கிடையாது. அவர்கள் தாத்தா சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து மலையேறி வந்தவர். அங்கே இவர்களைத் தெரிந்தவர் யாரும் இல்லை.

சித்திரைக் கடைசியில் ஒரு காலை. எஸ்டேட் ஆபீசில் கணக்கெழுதும் வர்க்கி ரைட்டர் கையில் நோட்டோடு லயத்தைச் சுற்றிப் பார்த்துக்கொண்டு வந்தார். வைகாசிப் பாதியில் பிடிக்கிற எடவப்பாதி மழைக்கு முந்திய கூரை வேலைக்கு வருஷா வருஷம் இப்படி ஒரு சுற்று வருவார். மலையாளி, சாந்தமான மனுஷன், ஒருவரையும் கடிந்து பேசமாட்டார். எட்டாம் நம்பர் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தார். அக்கா கைகட்டி நின்றாள். நான் கவாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டு பக்கத்தில் இருந்தேன். அவர் சொன்னது என் காதிலும் விழுந்தது.

"எட்டாம் நம்பரிலெ ஷீற்று எல்லாம் மாற்றணம். மழைக்கு மும்பே வேணம், கேட்டோ."

நோட்டில் எழுதிக்கொண்டு போய்விட்டார். அவ்வளவுதான் அவர் பேசியது. அக்கா ஒருதரம் அண்ணாந்து கூரையைப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். அவள் முகம் அப்படி விரிந்து நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

"தம்பி, கேட்டியா? பூராத் தகரத்தையும் மாத்துதாகளாம்."

"கேட்டேன்க்கா. மழைக்கு முந்தின்னாரு."

"ரெண்டு தகரம் கேட்டேன். பூராவும் குடுக்காக. முப்பத்து நாலு வருசம் சும்மா போகல தம்பி."

உள்ளே கட்டிலில் இருந்து மச்சான் இருமி முடித்துவிட்டு, இத்தனை காலம் கொடுக்காதவன் இப்போது எதற்குக் கொடுக்கிறான் என்று கேட்டார். கேட்டால்தானே கொடுப்பார்கள், நீ ஒரு நாளாவது ஆபீஸ் வாசலில் போய் நின்றிருக்கிறாயா என்று அக்கா அவர் வாயை அடைத்தாள். நம்பிக்கையை எதிர்த்துப் பேச மூச்சு வேண்டும், அது அவரிடம் இல்லை.

சேதி லயத்தில் பரவ ஒரு கட்டங்காப்பி குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. பொறாமை இல்லாமல் இல்லை. என் வீட்டுக்காரி வேலுத்தாய்கூட, வருஷா வருஷம் தார் பூசிப் பளபளவென்று வைத்திருக்கிற கூரைக்குப் புதுத் தகரமாம், நம் வீட்டில் மழைக்குப் பானை சட்டி எல்லாவற்றையும் வரிசையாக வைக்கிறோம், நமக்கு இல்லையாம் என்று முணுமுணுத்தாள். எனக்கும் அது தோன்றத்தான் செய்தது. ஏன் நல்ல கூரையை மாற்றுகிறார்கள் என்று ஒருவராவது நின்று யோசித்திருக்கலாம். பொறாமைப்படுகிறவனுக்குச் சந்தேகம் வராது. அவன் மனசு அது நடந்தே முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறது.

கூரை வேலைக்கு அமிர்தநாதன் மேஸ்திரிதான். அவரிடம் ஆறே ஆள். நாலு டிவிஷனிலும் அவர்களே ஏற வேண்டும். அதனால் அங்கே ஒரு வழக்கம் இருந்தது. தகரம் மாற்றப்போகிற வீட்டுக்காரர்கள் தாங்களே பழையதைக் கழற்றி, அடுக்கி, போல்ட்டை ஒரு டின்னில் போட்டு வைத்துவிட்டால் மேஸ்திரி அந்த வீட்டுக்கு முதலில் வருவார். கழற்றாதவன் வரிசையில் பின்னால் நிற்க வேண்டியதுதான். சில வருஷம் பின்னால் நின்றவனுக்கு மழையே முந்திக்கொண்டு வந்துவிடும். அக்கா பின்னால் நிற்கிற ஆள் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குறித்தாள். வைகாசிக்கு இரண்டு நாள் இருந்தது. அந்த வருஷம் கோடை மழை சித்திரைப் பாதியிலேயே ஒதுங்கிவிட்டது. வானம் கழுவித் துடைத்த மாதிரி கிடந்தது. சனிக்கிழமை சாயங்காலமே அவள் மேலே ஏறி ஒவ்வொரு போல்ட்டிலும் இரண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு வைத்தாள், துரு இளகட்டும் என்று. காலையில் நான், ஏழாம் நம்பர் பெரியமுத்து, இன்னும் இரண்டு பேர் போனோம். முதலில் மச்சானைக் கட்டிலோடு தூக்கி என் அறைக்குக் கொண்டு வந்தோம். ஆளைவிடக் கட்டில்தான் கனம். என்னைப் பார்த்து, புதுத் தகரம் மழைக்குக் கூடுதலாகச் சத்தம் போடும், காது போய்விடும் என்றார். அது அவர் பாணியில் சந்தோஷப்படுவது.

பதினாலு தகரம். முகட்டுத் தகரத்தை முதலில் எடுத்தோம். பிறகு மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாக. அக்கா எங்களை முரட்டுத்தனமாக இழுக்க விடவில்லை. நெளி மடங்கினால் பிறகு அது எதற்கும் உதவாது, யாருக்காவது மாட்டுக் கொட்டகைக்காவது ஆகட்டும் என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொரு தகரத்தையும் கைக்குழந்தையை வாங்குவதுபோல் வாங்கினாள். கல் பரப்பி, அதன்மேல் தகரங்களைப் படுக்க வைத்து அடுக்கினாள். மண் பட்டால் துருப்பிடிக்குமாம். கழற்றிய பிறகும் அவளுக்குத் தகரத்தின் மேல் அந்தக் கரிசனம். பன்னிரண்டு தகரம் நேற்று வாங்கியது போல இருந்தன. மச்சான் தலைக்கு மேல் இருந்த இரண்டு மட்டும் கையோடு உதிர்ந்தன.

கடைசித் தகரம் இறங்கியதும் வீட்டுக்குள் வெயில் அடித்தது. முப்பது வருஷப் புகை படிந்த சுவர், அடுப்படி, சாமி படம், எல்லாம் திடீரென்று வெளிச்சத்தில் கூச்சப்பட்டுக்கொண்டு நின்றன. சாந்தம்மாள் நடுவீட்டில் நின்று அண்ணாந்து பார்த்துச் சிரித்தாள். அன்றைக்கே சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துவிடலாம் என்றாள். அக்கா எங்கள் எல்லோருக்கும் கப்பக்கிழங்கு அவித்து, காந்தாரி மிளகாயும் உப்பும் அரைத்து, கருவாடு சுட்டுக் கொடுத்தாள். கூரையில்லாத வீட்டுக்குள் வட்டமாக உட்கார்ந்து வெயிலில் சாப்பிட்டோம். அந்தக் குடும்பம் சந்தோஷமாக இருந்து நான் பார்த்த கடைசி நாள் அது.

மறுநாள் அமிர்தநாதன் மேஸ்திரி அந்த வழியாக வந்தார். அடுக்கி வைத்த தகரத்தைப் பார்த்தார், மேலே வானத்தைப் பார்த்தார்.

"அதுக்குள்ள கழட்டியாச்சா?"

"நேத்தே கழட்டியாச்சுண்ணே. போல்ட்டெல்லாம் டின்னுல இருக்கு. மொதல்ல எங்க வீட்டுக்கு வந்துரணும்" என்றாள் அக்கா.

அவர் எதையோ சொல்ல வாயைத் திறந்தார். பிறகு சரி சரி என்று தலையை ஆட்டிவிட்டு நடந்தார். அவருக்குத் தெரிந்திருந்ததா, அல்லது வாயில் வெற்றிலை இருந்ததா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டுப் பார்க்கவும் தைரியம் வரவில்லை.

புதுத் தகரம் வரவில்லை. நாடு முழுக்க ரயில் ஸ்டிரைக் நடந்துகொண்டிருந்தது. தகரம் கோட்டயத்துக்கு ரயிலில் வந்து அங்கிருந்து லாரியில் மலையேற வேண்டும். டீக்கடை ரேடியோவில் யாரை எங்கே பிடித்தார்கள் என்று தினமும் சொன்னார்கள். நாட்டுக்கு அது ஒரு பெரிய சண்டை. அக்காவுக்கு அது பதினாலு தகரம். வேலையிலிருந்து திரும்பும் ஒவ்வொருவரையும் வாசலில் நிறுத்தி, ரயில் ஓடுதா என்று கேட்பாள். வீட்டின் மேல் கித்தானும் வாழை இலையும் பழைய சாக்குகளும் போட்டுக் கல்லை வைத்திருந்தாள். பழைய தகரத்தையே திரும்ப ஏற்றிவிடலாம் என்று நான் சொன்னதற்கு, ஏற்றினால் மேஸ்திரி வரிசையில் பின்னால் தள்ளிவிடுவார் என்று மறுத்துவிட்டாள். மலைக்காற்று கித்தானையும் சாக்கையும் மதிக்கவில்லை. விடிந்ததும் கித்தான் தேயிலைச் செடியின் மேல் கிடக்கும். சாந்தம்மாள் அதை எடுத்துக் கொடுத்துவிட்டுக் கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டு காலையில் பேர் கூப்பிடும் மஸ்டருக்கு ஓடுவாள். மச்சான் என் அறையில்தான் இருந்தார். இரண்டு நாளைக்கு என்று வந்தவர், பதினெட்டு நாள் ஆயிற்று.

ஸ்டிரைக் முடிந்த சேதி வந்த அன்று அக்கா லயத்துக்கே சீனி போட்ட காப்பி கொடுத்தாள். அதற்கு நாலாம் நாள் பகல் பதினோரு மணிக்கு மேற்கே கறுத்தது. எடவப்பாதி சொல்லிக்கொண்டு வருவதில்லை. முதலில் காற்று, பிறகு சவுக்கு மரங்களின் இரைச்சல், பிறகு கயிறு கயிறாக மழை. நாங்கள் மலையிலிருந்து ஓடி வந்தபோது எட்டாம் நம்பருக்குள் கணுக்கால் தண்ணீர் நின்றது. அடுப்பு கரைந்துபோய் ஒரு மண் குவியலாகக் கிடந்தது. அக்கா தலையில் முறத்தைக் கவிழ்த்துக்கொண்டு அரிசிப் பானையை மட்டும் இடுப்பில் வைத்து வாசலில் நின்றாள். அழவில்லை. ரைட்டரிடம் போவோம், வா தம்பி என்றாள்.

ஆபீஸ் வராந்தாவில் சொட்டச் சொட்ட நின்றோம். வர்க்கி ரைட்டர் வெளியே வந்து பதறிப்போனார். இப்படி நனைந்து நிற்கலாமா என்று கேட்டு, பியூனிடம் சொல்லிக் காப்பி வரவழைத்தார். அக்கா காப்பியைத் தொடவில்லை. புதுத் தகரம் எப்போது வரும், கழற்றி வைத்து இருபத்திரண்டு நாள் ஆகிறது, வீட்டில் சீக்காளி இருக்கிறார் என்றாள். அவர் புரியாமல் என்னைப் பார்த்தார். நான் எனக்குத் தெரிந்த மலையாளத்தில் மறுபடி சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது.

"புதிய ஷீற்றோ? எட்டாம் நம்பரினு புதிய ஷீற்று இல்லல்லோ. ரயில் இல்லாதெ இந்த வர்ஷம் ஒரு ஷீற்றும் வந்நில்ல. அம்மச்சி ரிட்டயராயி, எட்டாம் நம்பர் ஒழியும். அவிடெயுள்ள நல்ல ஷீற்று எடுத்து மற்ற முறிகளில் இடான் ஞான் பறஞ்ஞு. மாற்றணம் எந்நு பறஞ்ஞது அதல்லே?"

புதுத் தகரமே இல்லையாம்; எட்டாம் நம்பர் காலியாகப் போகிறது, அங்கே இருக்கிற நல்ல தகரத்தை எடுத்து மற்ற அறைகளுக்குப் போடத்தான் சொன்னாராம். அந்தச் சொல் எங்களுக்குத் தெரியாத சொல்லா? டீக்கடைக்காரர் தினமும் அந்த பெஞ்சு மாற்று என்பார். புது பெஞ்சா கொண்டு வருகிறோம்? வழியிலிருந்து எடுத்து அப்பால் போடுகிறோம். அவர்கள் பேச்சில் மாற்று என்றால் எடுத்துவிடு. பிறந்ததிலிருந்து கேட்டு, அவர்களோடு அதே சொல்லில் பேசி, சண்டைகூடப் போட்டிருக்கிறோம். அன்றைக்கு மட்டும் அது எங்கள் வீட்டுத் தமிழாகக் காதில் விழுந்தது. ஆசைப்பட்டவள் ஒருத்தி, கேட்ட எங்கள் பன்னிரண்டு வீட்டுக்காரர்களின் காதும் அல்லவா சேர்ந்து அடைத்துப் போயிற்று.

அக்காவுக்கு நான் சொல்லிப் புரிய வைக்க வேண்டியிருக்கவில்லை. அவளே புரிந்துகொண்டாள்.

"அப்ப எம் பொண்ணு பேரு? ஆவணியில பதியுறதாச் சொன்னீகளே."

பேர் பதியும், அதில் மாற்றமில்லை, ஆனால் வீடு வேறு விஷயம் என்றார் ரைட்டர். வீட்டில் ஆள் இருந்திருந்தால் பேசியிருக்கலாம். இப்போது எட்டாம் நம்பர் காலி என்று எழுதிப் போய்விட்டது. கூரையில்லாத அறையில் ஆள் இருக்கிறது என்று தான் எப்படி எழுதுவது என்று கேட்டார். உண்மையாகவே வருத்தப்பட்டுத்தான் கேட்டார். பிறகு, தன்மேல் பழி வந்துவிடுமோ என்று தோன்றியிருக்க வேண்டும். மெதுவாக ஒரு வாக்கியம் சொன்னார்.

"நிங்கள் தன்னெ அழிச்சதல்லே?"

அழிச்சது என்றால் அவர்கள் பேச்சில் கழற்றியது. நீங்களே கழற்றியதுதானே என்கிறார். எங்கள் பேச்சில் என்ன அர்த்தம் என்று சொல்ல வேண்டியதில்லை. முதல் சொல்லைத் தப்பாகக் கேட்டோம். இந்தச் சொல்லை எந்தப் பாஷையில் கேட்டாலும் சரியாகத்தான் இருந்தது. அக்கா ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

நான் விடவில்லை. மறுநாள் பஸ் ஏறிப் பீர்மேட்டில் யூனியன் ஆபீசுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். ஏசுதாஸ் என்று நம்மாள் ஒருவர் அங்கே இருந்தார். முழுக்கக் கேட்டார். கேட்டு முடித்துப் பேனாவை மூடினார்.

"தகரத்த நீங்க கழட்டாம இருந்திருந்தா ஒரு பயலால ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதும்மா. மேல கூரை இருந்து உள்ள அடுப்பு எரிஞ்சா, வெளியேத்தக் கோர்ட்டுக்குத்தான் போகணும். கேசு வருசக்கணக்கா நடக்கும். அதுக்குள்ள ஆவணி வந்திருக்கும், பிள்ள பேரும் பதிஞ்சிருக்கும். நீங்க சும்மா உக்காந்திருந்தாலே போதும்."

சும்மா உட்கார்ந்திருந்தாலே போதும். முப்பத்து நாலு வருஷத்தில் ஒரு நாள்கூடச் சும்மா உட்காராத பொம்பளையிடம் அதைச் சொன்னார்கள். திரும்பும் பஸ்ஸில் அவள் கண்ணாடி இல்லாத ஜன்னல் பக்கம் உட்கார்ந்து சாரல் முழுக்க முகத்தில் வாங்கிக்கொண்டு வந்தாள். நான் இடம் மாறி உட்காரச் சொன்னேன். கேட்கவில்லை.

மழை இரண்டு நாள் விட்ட இடைவெளியில் அமிர்தநாதன் மேஸ்திரி ஆட்களோடு வந்தார். எட்டாம் நம்பர் வாசலில் அடுக்கியிருந்ததிலிருந்து நல்ல தகரம் பன்னிரண்டையும் எடுத்தார்கள். மூன்றாம் நம்பருக்கு நாலு, ஐந்தாம் நம்பருக்கு மூன்று, பதினொன்றுக்கு ஐந்து. பதினொன்று என் வீடு. வேண்டாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். வேலுத்தாய் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். எங்கள் அறையில் நாலு இடத்தில் ஒழுகிக்கொண்டிருந்தது. சின்னப் பிள்ளைகள் இரண்டு இருந்தன. மச்சானும், மழையன்றிலிருந்து அக்காவும் சாந்தம்மாளும் உள்ளேதான் இருந்தார்கள். எது சாக்கு, எது நிஜம் என்று இப்போது பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.

அக்கா வெளியே வந்து நின்று பார்த்தாள். என்னால் தலைநிமிர முடியவில்லை. திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்; திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரு பையன் ஆணியை நெளியின் பள்ளத்தில் வைத்து ஓங்கினான். அவளால் பொறுக்க முடியவில்லை.

"பள்ளத்துல அடிக்காதப்பா. மேட்டுல அடி. பள்ளத்துல தண்ணி ஓடும்ல, ஒழுகிரும்."

பிறகு கீழே நின்றபடியே ஒவ்வொன்றாகச் சொன்னாள். காற்று மேற்கேயிருந்து வரும், அதனால் கிழக்கோரத் தகரத்தை முதலில் போட்டு அதன்மேல் மேற்குத் தகரம் ஏறி உட்கார வேண்டும். இந்தத் தகரத்தின் இடது ஓரத்தில் ஒரு ஒட்டு இருக்கிறது, அதை உள்ளே மறைத்து வை. அந்தப் போல்ட்டை ரொம்ப முறுக்காதே, வாஷர் நசுங்கும். அவர்கள் அப்படியே செய்தார்கள். ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது. அன்றைக்குச் சாயங்காலம் மழை பிடித்தபோது என் அறையில் ஒரு சொட்டு விழவில்லை. மச்சான் கட்டிலில் அண்ணாந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"நம்ம தகரந்தான்" என்றார் அக்காவிடம். "சத்தம் தெரியுது."

நானும் வேலுத்தாயும் அடுப்படிப் பக்கம் போய்விட்டோம்.

ஐந்தாம் நாள் வாட்ச்மேன் வந்தான். ஓய்வு பெற்றவர்கள் மற்றவர் அறையில் தங்கக்கூடாது, தங்க வைத்தால் அறைக்காரன் பேரிலும் நடவடிக்கை வரும் என்று ஆபீசில் சொல்லியிருக்கிறார்களாம். அவன் என்னிடம்தான் சொன்னான், உள்ளே கேட்கட்டும் என்று கொஞ்சம் சத்தமாகச் சொன்னான். நான் பதில் சொல்வதற்குள் அக்கா துணிமணியை மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டாள். மலைக்குக் கீழே கம்பத்தில் ஒன்றுவிட்ட தங்கச்சி ஒருத்தி இருக்கிறாள், ஒரு மாசம் வைத்துக்கொள்வாள் என்றாள். சாந்தம்மாளையாவது ஆவணி வரை எங்களோடு விட்டுப் போ, அவள் டெம்பரவரியாவது வேலையில் இருக்கிறவள், ஒன்றும் சொல்லமாட்டார்கள் என்று வேலுத்தாய் கெஞ்சினாள். அக்காவும் முதலில் அதற்குச் சம்மதித்தாள். சாந்தம்மாள்தான் அப்பாவைப் பார்த்தாள். அவரைத் தூக்கி உட்கார வைக்க இரண்டு பேர் வேண்டும்.

"நான் இங்கன இருந்து பேரு பதிஞ்சு என்ன பண்ண அத்தை?" என்றாள் வேலுத்தாயிடம். "பேருக்கா கஞ்சி ஊத்தப்போறேன்."

மெயின் ரோடு வரை மச்சானைக் கட்டிலோடு சுமந்தோம். மேலே கித்தானைப் பிடித்துக்கொண்டு சாந்தம்மாள் கூடவே நடந்தாள். குமுளி பஸ் ஒரு மணி நேரம் தாமதம். கண்டக்டர் கட்டிலை ஏற்ற முடியாது என்றான். மச்சானை மட்டும் தூக்கி சீட்டில் உட்கார வைத்தோம். கட்டில் ரோட்டோரத்தில் நின்றது. அக்கா படியில் ஏறினவள் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் அழுதுகொண்டிருந்தேன். எதையாவது சொல்லி என்னைத் தேற்ற வேண்டும் என்று நினைத்தாளோ என்னவோ.

"தம்பி, வாற சித்திரையில மறக்காமத் தார் பூசிரு. விட்டேன்னா ரெண்டே வருசத்துல துருப்பிடிச்சுரும்."

பஸ் போய்விட்டது. ஆவணி ஒன்றாம் தேதி மஸ்டரில் நிரந்தரப் பட்டியலைப் படித்தார்கள். சாந்தம்மாள் பேர் அதில் இருந்தது. வர்க்கி ரைட்டர் மூன்று தடவை கூப்பிட்டார். மூன்றாவது தடவை அவருக்கே நினைவு வந்து, அடுத்த பேருக்குப் போய்விட்டார். கம்பத்துக்கு நான் ஒரு கடிதம் போட்டேன். அந்த விலாசத்தில் அப்படி யாரும் இல்லை என்று திரும்பி வந்தது.

சித்திரை வந்தது. ரோட்டு வேலைக்காரர்களிடம் தார் வாங்கி, சாக்கைக் கிழித்து, ஆணி வரிசை பார்த்துக் கால் வைத்து ஏறினேன். அதற்குப் பிறகு ஒரு வருஷம்கூட விடவில்லை. எஸ்டேட்டை விட்டு நான் இறங்கும்வரை அந்த ஐந்து தகரத்திலிருந்து ஒரு சொட்டு உள்ளே விழுந்ததில்லை. ஒழுகியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தூக்கம் வந்திருக்கும்.